வடிகால் வெட்டிய வயலில் நீர்மட்டம் பார்ப்பது எப்படி: டெல்டா விவசாயத்துக்குப் புதியவர்களுக்கு

மழை விட்டதும் டெல்டாவில் எல்லோரும் முதலில் எட்டிப் பார்ப்பது வடிகால் வாய்க்காலைத்தான். வாய்க்காலில் தண்ணீர் இறங்கியிருந்தால், சரி, வயலும் வடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் களிமண்ணில் இந்தக் கணக்கு பல நேரம் பொய்த்துப் போகும். வாய்க்காலை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் மண் நன்றாக வடிந்திருக்கும், நடு வயலில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறிக்கொண்டு வரும். இரண்டு வடிகாலுக்கு நடுவே மண்ணுக்குள் இருக்கிற நீர்மட்டம் சமதளமாக இருப்பதில்லை. நடுவில் மேடு கட்டி ஓரங்களில் சரிந்து கிடக்கும். அந்த மேடு எவ்வளவு உயரம், மழை விட்ட பிறகு எத்தனை நாளில் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கீழே சொல்லப்போகிற குழாய் வேலையெல்லாம். கீறல் போட்ட குழாயை மண்ணுக்குள் நட்டால், சுற்றியுள்ள மண்ணின் நீர்மட்டம் அதற்குள் தெரியும்.

நெல் போட்டிருக்கும் வரை இது பெரிய விஷயமில்லை, நெல் நனைந்தே வளருகிற பயிர். சிக்கல் அதற்கப்புறம்தான். சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோமே, அந்தப் பயிர் முழுக்க முழுக்க மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தை நம்பித்தான் இருக்கிறது. நீர்மட்டம் வேருக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றால் அழுகும், சட்டென்று கீழே போய்விட்டால் பூக்கிற நேரத்தில் காயும். கோடையில் பருத்தி போடுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், ஒரு கோடை மழை நின்று வடியாமல் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும். வாழை, தென்னைக்கும் இதே கதைதான்.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வயலில் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரும் நிலத்தடி நீர்மட்டமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வருஷக்கணக்காகச் சேறடித்து நட்ட வயலில் உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று உருவாகியிருக்கும். அதற்கு மேலே தண்ணீர் நிற்கும், கீழே ஓரளவு காய்ந்த மண் இருக்கும், அதற்கும் கீழேதான் நிஜமான நீர்மட்டம். மேலே நிற்கிற தண்ணீரைப் பார்த்துவிட்டு "நம்ம வயலில் நீர்மட்டம் தரைக்கே வந்துவிட்டது" என்று சொன்னால் அது தப்பு. தட்டுதான் பிரச்சினை என்றால் ஆழமாக வடிகால் வெட்டியும் பிரயோஜனமில்லை, கோடையில் தட்டை உடைக்க வேண்டும். எந்த நோய் என்று தெரிந்துகொண்டு மருந்துக்குப் போங்கள்.

அரசாங்கம் அளப்பது போதாதா?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருஷத்துக்கு நான்கு தடவை அளக்கிறது: ஜனவரி, கோடையில் மழைக்கு முன், ஆகஸ்ட், நவம்பர். மாநில அரசுக்குத் தனியாகக் கண்காணிப்புக் கிணறுகள் இருக்கின்றன. இந்தியா-வ்ரிஸ் என்ற மத்திய அரசின் நீர்வள இணையதளத்தில் உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிணற்றின் எண்களைப் பார்க்கலாம், பார்ப்பதும் நல்லதுதான், பத்துப் பதினைந்து வருஷப் போக்கு அதில் தெரியும். ஆனால் கிணற்றுக்குக் கிணறு கிலோமீட்டர் கணக்கில் தூரம், அளவுக்கு அளவு மாதக் கணக்கில் இடைவெளி. நமக்கு வேண்டியதோ மழை பெய்த மூன்றாம் நாள், இந்த வரப்புக்கும் அந்த வரப்புக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது. அதை நாமேதான் அளக்க வேண்டும்.

இதே மாதிரி நீர் தேங்கிய நிலம் எது என்பதற்கு அரசு ஒரு அளவுகோலும் வைத்திருக்கிறது. 1991-ல் மத்திய நீர்வள அமைச்சகத்தின் பணிக்குழு சொன்னது: நீர்மட்டம் தரையிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தால் நீர் தேங்கிய நிலம், 2 முதல் 3 மீட்டர் என்றால் தேங்கக்கூடிய நிலம். மேலேயே நீர் நிற்கிற நெல் வயலில் ஐப்பசி கார்த்திகையில் இதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. நமக்குத் தேவை மீட்டர் கணக்கல்ல, சென்டிமீட்டர் கணக்கு.

எங்கே நடுவது

ஒரே ஒரு குழாய்தான் நடமுடியும் என்றால் இரண்டு வடிகாலுக்கு நட்ட நடுவில் நடுங்கள். மேட்டின் உச்சி அங்கேதான் இருக்கும். மூன்று நான்கு நட முடிந்தால் வடிகாலுக்குக் குறுக்கே ஒரே நேர்கோட்டில் நடுங்கள். வடிகால்கள் 60 மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், வடிகால் கரையிலிருந்து 1, 5, 15, 30 மீட்டர் தூரங்கள் சரியாக வரும். வடிகாலுக்குப் பக்கத்தில்தான் நீர்மட்டம் செங்குத்தாகச் சரியும், அதனால் அங்கே நெருக்கம், நடுவில் தள்ளித் தள்ளி. அப்புறம் வடிகாலுக்குள்ளேயே ஒரு அளவுகோல் நட்டுவிடுங்கள், சென்டிமீட்டர் கோடு போட்ட மூங்கில் கழியானாலும் சரி. இந்தக் கழி இல்லாமல் மற்றக் குழாய்கள் சொல்வதில் பாதி புரியாது, ஏன் என்று பின்னால் வரும்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்: பாசன வாய்க்காலுக்குப் பக்கம் (கசிவு ஏறும்), போர் மோட்டார் ஓடுகிற இடத்துக்குப் பக்கம், பெரிய மரத்தடி, வரப்பை ஒட்டின இடம். வரப்பு என்றால் யாரும் மிதிக்க மாட்டார்கள், உழவும் வராது என்று நினைத்துத்தான் புதியவர்கள் பெரும்பாலும் அங்கே நடுகிறார்கள். ஆனால் வரப்பு முழுக்க நண்டு வளை. மேல் தண்ணீர் வளை வழியாக நேராக உள்ளே இறங்கும், உங்கள் குழாய் மண்ணின் நீர்மட்டத்துக்குப் பதிலாக நண்டு வீட்டின் நீர்மட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். வரப்பிலிருந்து நாலைந்து மீட்டர் உள்ளே தள்ளி நட்டு, சிவப்புத் துணி கட்டிய கம்பு ஒன்றைப் பக்கத்தில் ஊன்றுங்கள். அறுப்பு இயந்திரக்காரர் வெளியூர் ஆளாக இருந்தால் இறங்குவதற்கு முன்னால் கையோடு கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

துளை போடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இந்தப் பகுதியில் பல வயல்களுக்கு அடியில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் போகின்றன. குழாய் போகிற பாதையில் அடையாளக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அந்தப் பாதையில் கை வைக்கவே வேண்டாம். மோட்டார் கொட்டகைக்குப் போகிற கேபிள் புதைத்த இடத்தையும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாயைத் தயார் செய்வது

ஒரு இஞ்ச் அல்லது ஒன்றேகால் இஞ்ச் பிவிசி குழாய் போதும். பெரிய குழாய் போட்டால் நல்லது என்று தோன்றும், களிமண்ணில் அது நேர்மாறு. களிமண்ணிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்து வரும். நாலு இஞ்ச் குழாயை நிரப்ப நிறையத் தண்ணீர் வேண்டும், அது நிரம்புவதற்குள் வெளியே மட்டம் மாறியிருக்கும். ஒல்லிக் குழாய் சீக்கிரம் மட்டத்துக்கு வந்துவிடும்.

கடையில் கிடைக்கிற 20 அடி நீளத்தைச் சரிபாதியாக அறுத்தால் இரண்டு குழாய். ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர், அதில் இரண்டரை மீட்டர் மண்ணுக்குள், அரை மீட்டர் வெளியே. கோடையில் உங்கள் ஊரில் நீர்மட்டம் இரண்டரை மீட்டருக்கும் கீழே போகும் என்றால் ஆழத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், பக்கத்துக் கிணற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கீழ் முனையில் மூடி போட்டு ஒட்டுங்கள். அங்கிருந்து மேலே, தரைக்குக் கீழே 40 செ.மீ இருக்கிற இடம் வரைக்கும், ஹாக்சா பிளேடால் ஒன்றரை இரண்டு செ.மீ இடைவெளியில் கீறல் போட வேண்டும். ஒரு பக்கம் ஒரு கீறல், எதிர்ப்பக்கம் அடுத்தது என்று மாறி மாறிப் போடுங்கள், ஒரே மட்டத்தில் இரண்டு பக்கமும் அறுத்தால் குழாய் ஒடிந்துவிடும். கீறல் போட்ட பகுதி முழுக்க நைலான் கொசுவலையை இரண்டு சுற்றுச் சுற்றி நைலான் நூலால் கட்டுங்கள். மேல் மூடியை ஒட்டக்கூடாது, கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். மேல் மூடியில் அல்லது குழாயின் மேற்பகுதியில் ஒரு சின்ன ஓட்டை கட்டாயம் வேண்டும். காற்று போய்வர வழியில்லாத குழாயில் தண்ணீர் ஏறவும் இறங்கவும் தயங்கும், அளவு தப்பாக வரும்.

துளை போடுவது

கையால் திருகி மண்ணைத் துளைக்கிற மூன்று இஞ்ச் ஆகர் இருந்தால் நல்லது. பெட்ரோலில் ஓடுகிற குழி தோண்டும் இயந்திரம் வேகமாகப் போடும், ஆனால் களிமண் சுவரை வழவழவென்று மெழுகிவிடும், அப்புறம் அந்தச் சுவர் வழியாகத் தண்ணீர் கசிவது கஷ்டம். மண் ஈரமாக இருக்கிற, ஆனால் சேறாக இல்லாத நாளாகப் பாருங்கள். மாசி மாதம் இதற்குத் தோதானது.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், இதை அவசரமாக முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு தார்ப்பாயை விரித்து, ஆகரில் வருகிற மண்ணை 20 செ.மீக்கு ஒரு குவியலாக வரிசையாக வையுங்கள். நிறத்தைப் பாருங்கள். பழுப்பு மண்ணுக்குள் சாம்பல் திட்டுகளும் துரு நிறப் புள்ளிகளும் கலந்து இருந்தால், அந்த ஆழம் வருஷத்தில் கொஞ்ச நாள் நீரில் மூழ்கி, கொஞ்ச நாள் காற்றுப் பட்டுக் காய்கிறது என்று அர்த்தம். இரும்பு காற்றுப் படும்போது துருப்பிடிக்கும், மூழ்கிக் கிடக்கும்போது கரைந்து நகரும், அந்தத் தடம்தான் புள்ளியாகத் தெரிகிறது. புள்ளியே இல்லாமல் ஒரே நீலம் கலந்த சாம்பல் நிறமாக மாறுகிற இடம் வந்தால், அங்கே வருஷம் முழுக்கத் தண்ணீர்தான். சில இடங்களில் அழுகிய முட்டை வாடையும் வரும். பழைய வேர் எந்த ஆழத்தில் நின்றுபோயிருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு எண் கூட எழுதுவதற்கு முன்பே உங்கள் வயலின் நீர் வரலாறு அந்தத் தார்ப்பாயில் கிடக்கிறது. நடுவில் மணல் பட்டை தட்டுப்பட்டால் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், காவிரி மண்ணில் அது சகஜம், பக்கத்து வயலிலிருந்து தண்ணீர் உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்தப் பட்டை வழியாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

குழாயை இறக்கி, சுற்றிலும் உள்ள இடைவெளியில் அலசிய பெருமணலைக் கொட்டிக்கொண்டே வாருங்கள், தரைக்கு 40 செ.மீ கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலே 20 செ.மீ பெண்டோனைட் (ஒருவகைக் களிமண் தூள்). இதைத் தேடி எங்கும் அலைய வேண்டாம், எர்த்திங் குழிக்குப் போடுவதற்கு மின்சாமான் கடையில் விற்கிறார்கள். கரி, உப்பு கலக்காத வெறும் பெண்டோனைட் தூள் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பட்டால் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மிச்சத்தைத் தோண்டிய களிமண்ணாலேயே கிட்டித்து, குழாயைச் சுற்றி ஒரு சின்ன மேடு கட்டிவிடுங்கள். இந்த அடைப்பு இல்லையென்றால் மேல் தண்ணீர் குழாயை ஒட்டியே கீழே இறங்கும், நண்டு வளை கதைதான் மறுபடியும். கோடையில் நம் களிமண் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், குழாயைச் சுற்றியும் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த அடைப்பைச் சரிபார்த்துத் திரும்பக் கிட்டிக்க வேண்டும்.

குழாய் வேலை செய்கிறதா

நட்டதும் அளக்க ஆரம்பிக்காதீர்கள். உள்ளே இருக்கிற கலங்கல் தண்ணீரை, குழாய்க்குள் நுழைகிற ஒல்லி டியூபை விட்டுப் பலமுறை வெளியே எடுங்கள். தெளிவாக வர ஆரம்பித்ததும் ஒரு சோதனை: முதலில் மட்டத்தை அளந்துகொண்டு, உள்ளே இருப்பதை முடிந்த மட்டும் எடுத்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்கு வருகிறது என்று பாருங்கள். சில மணி நேரத்தில் வந்தால் நல்ல குழாய். களிமண்ணில் ஒரு நாள் ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். நாட்கணக்கில் ஆகிறது என்றால் சுவர் மெழுகிப்போயிருக்கிறது, அல்லது வலை அடைத்திருக்கிறது, பிடுங்கி மறுபடி நடுவதுதான் வழி. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சோதனையைச் செய்யுங்கள், அடைத்துப்போன குழாய் அழகான, ஏற்ற இறக்கமே இல்லாத நேர்கோட்டைத் தரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

மட்டம் கட்டுவது

ஒரே குழாய் என்றால் இது தேவையில்லை. இரண்டுக்கு மேல் என்றால் எல்லாக் குழாய்களின் மேல் விளிம்பும் ஒன்றுக்கொன்று எவ்வளவு உயர வித்தியாசத்தில் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற வயலிலேயே பத்துப் பதினைந்து செ.மீ ஏற்றத்தாழ்வு இருக்கும். கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர் டியூபே இதற்குப் போதும், டியூபுக்குள் காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சென்டிமீட்டருக்குள் துல்லியம் கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு என்பதெல்லாம் வேண்டாம். பக்கத்து மதகின் கைப்பிடிச் சுவரிலோ நகராத ஒரு கல்லிலோ பெயிண்டால் ஒரு குறி போட்டு, அதை 10.00 மீட்டர் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலிருந்து கணக்கிடுங்கள். வடிகாலில் நட்ட கழியையும் இதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அளப்பது

குழாயின் மேல் விளிம்பில் ஒரு இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். அளக்கப் பல வழி உண்டு. டேப்பின் முனையில், அடிப்பக்கம் குழிவாக இருக்கிற சின்ன இரும்புத் துண்டைக் கட்டி இறக்கினால் தண்ணீரைத் தொடும்போது "டொப்" என்று சத்தம் கேட்கும், இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கினால் சரியான இடம் பிடிபடும். கட்டிய துண்டின் நீளத்தையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். காற்றடிக்கிற நாளில் சத்தம் கேட்காது, அப்போது டேப்பில் சாக்பீஸ் தடவி இறக்கி நனைந்த இடத்தைப் பார்க்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் இரட்டை ஒயரின் முனைகளைச் சீவி இறக்குங்கள், தண்ணீர் தொட்டதும் முள் நகரும், நம்மூர் உப்புத் தண்ணீரில் நன்றாகவே நகரும்.

கணக்கு எளிது. விளிம்பிலிருந்து தண்ணீர் வரை 112 செ.மீ, விளிம்பு தரைக்கு மேலே 40 செ.மீ என்றால், நீர்மட்டம் தரைக்குக் கீழே 72 செ.மீ. நோட்டில் 72 மட்டும் எழுதாதீர்கள், 112 என்ற நேரடி அளவையும் எழுதுங்கள். நாளைக்கு யாராவது குழாயை இடித்து உயரம் மாறினால், பழைய கணக்கைத் திருத்த அந்த எண்தான் உதவும். தேதி, நேரம், மழை அளவு, வடிகாலில் மட்டம், வயலில் தண்ணீர் நின்றதா, பாசனம் பாய்ந்ததா, சட்ரஸ் (வாய்க்காலின் அடைப்புக் கதவு) திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? நெதர்லாந்தில் ஒவ்வொரு மாதமும் 14, 28 தேதிகளில் அளக்கிற பழக்கம் பல காலமாக இருந்தது. நீண்ட காலப் போக்கைப் பார்க்க அது போதும். வடிகாலைச் சோதிப்பதற்குப் போதாது. சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை, பெருமழைக்கு அப்புறம் ஐந்தாறு நாள் தினமும் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் காலையிலேயே அளங்கள். வெயில் நேரத்தில் பயிர் தண்ணீரை உறிஞ்சுவதால் மட்டம் இறங்கும், இரவில் மறுபடி கொஞ்சம் ஏறும். ஒரு நாள் காலையிலும் மறுநாள் மாலையிலும் அளந்துவிட்டு வடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். கடலோரத்துக்காரர்கள் என்றால் வடிகால் கழியைப் பார்க்கிற நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், கடலில் ஓதம் ஏறும்போது வடிகால் மட்டமும் ஏறியிருக்கும்.

எண்களை வாசிப்பது

10 மி.மீ மழை பெய்தால் நீர்மட்டம் 1 செ.மீ ஏறும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் களிமண்ணில் 20, 30 செ.மீ கூட ஏறும். மண்ணின் இடுக்குகளில் ஏற்கெனவே பெரும்பகுதி நீர் பிடித்துக்கொண்டிருக்கிறது. வடியக்கூடிய காலி இடம் நூற்றுக்கு நாலு பங்கு என்றால், 10 மி.மீ மழை 25 செ.மீ உயரத்துக்கு நிரப்பிவிடும். இதனால்தான் ஒரு ராத்திரி மழையில் மட்டம் திடீரென்று கால்மாட்டுக்கு வந்துவிடுகிறது. பயப்பட வேண்டாம், அதே காரணத்தால் கொஞ்சம் தண்ணீர் வடிந்தாலே மட்டம் நிறைய இறங்கவும் செய்யும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது மட்டம் அளவுக்கு மீறி ஏறி, சில மணி நேரத்தில் தானாகவே இறங்கினால் அதுவும் குழாய்க் கோளாறு அல்ல. மேல் மண் நனைந்து மூடிக்கொண்டதும் உள்ளே மாட்டிய காற்று அழுத்தி, குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. டச்சு மண் அறிஞர் ஹூக்ஹவுட் 1940-களில் லிஸ்ஸே என்ற ஊரில் இதைக் கவனித்து எழுதியதால் லிஸ்ஸே விளைவு என்றே பெயர். அதனால் மழை நடுவில் எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முடிவு செய்ய வேண்டியது இறங்குகிற வேகத்தை வைத்துத்தான். நடுவயல் குழாயில் மட்டம் மழை விட்ட மறுநாளிலிருந்து தரைக்குக் கீழே 15, 22, 27, 31, 34 செ.மீ என்று போனால் வடிகால் இழுக்கிறது. 15, 16, 17, 19 என்று போனால் இழுக்கவில்லை, அந்த ஒன்றிரண்டு செ.மீ கூட வெயிலும் பயிரும் எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். இப்போது வடிகால் கழியைப் பாருங்கள்.

வடிகாலிலும் மட்டம் உயரமாகவே நிற்கிறது என்றால் உங்கள் வயலில் குறையில்லை. கீழே எங்கேயோ வெங்காயத்தாமரையோ காட்டாமணக்கோ அடைத்திருக்கிறது, அல்லது கடைமடைச் சட்ரஸ் மூடியிருக்கிறது. அப்போது வயலுக்குள் புது வாய்க்கால் வெட்டுவது காசுக்குக் கேடு, ஊராகச் சேர்ந்து வடிகாலைத் தூர் வாரச் சொல்லிப் நீர்வளத் துறையிடம் போக வேண்டியதுதான். கையில் தேதி போட்ட அளவு இருந்தால் அங்கே பேசுவதும் சுலபம்.

வடிகாலில் மட்டம் தாழ்ந்துவிட்டது, ஓரத்துக் குழாயும் இறங்கிவிட்டது, நடுக்குழாய் மட்டும் அசையவில்லை என்றால் மண் இறுக்கம், வடிகால்கள் ரொம்பத் தள்ளித் தள்ளி இருக்கின்றன. நடுவில் ஒரு வாய்க்கால் வேண்டும். ஹூக்ஹவுட் 1940-ல் தந்த சூத்திரம் இன்றைக்கும் வடிகால் இடைவெளி கணக்கிடப் பயன்படுகிறது. அதன் சாரம், இடைவெளி கூடக் கூட நடுவில் கட்டுகிற மேடும் உயரும். இடைவெளியைப் பாதியாக்கினால் மேடு பாதியாகவோ, மண்ணைப் பொறுத்துக் கால்வாசி வரையோ குறையும். வடிகாலை இன்னும் ஒரு அடி ஆழமாக்குவதை விட நடுவில் ஒன்று புதிதாக வெட்டுவது களிமண்ணில் பெரும்பாலும் நல்ல பலன் தரும் என்பது என் எண்ணம்.

ஒரு பருவம் முழுக்க எவ்வளவு கெடுதல் என்று ஒரே எண்ணில் பார்க்க வேண்டுமானால் ஒரு எளிய வழி இருக்கிறது. மட்டம் தரைக்குக் கீழே 30 செ.மீ என்ற கோட்டைத் தாண்டி மேலே ஏறிய ஒவ்வொரு நாளும், 30-லிருந்து அன்றைய ஆழத்தைக் கழித்துக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 25, 18, 12, 20, 28 என்று ஐந்து நாள் இருந்தால் 5, 12, 18, 10, 2, மொத்தம் 47. பக்கத்து வயலுக்கும் இதே கணக்கைப் போட்டு, இரண்டு வயலிலும் உளுந்து எப்படி வந்தது என்று ஒப்பிட்டால் எந்த வயலுக்கு முதலில் செலவு செய்வது என்று தெரிந்துவிடும்.

உப்பையும் சேர்த்துப் பாருங்கள்

வேதாரண்யம், தலைஞாயிறு, கீழையூர் பக்கம் நீர்மட்டம் மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். கோடையில் தரிசாகக் கிடக்கிற வயலில், ஒரு மீட்டருக்குக் கீழே இருக்கிற உப்புத் தண்ணீரைக் கூடக் களிமண் மெல்ல மேலே உறிஞ்சும், தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலேயே தங்கும். காலையில் வயலில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். குழாயில் நின்றுகிடந்த தண்ணீரை எடுத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறிய தண்ணீரில், உப்பை அளக்கிற ஈசி மீட்டரை வையுங்கள். வீட்டுக் குடிநீருக்கு வாங்கிய டிடிஎஸ் பேனா இருந்தால் அதுவும் உதவும், ஈசி மீட்டரில் ஒரு டெசிசீமன்ஸ் (மீட்டருக்கு) என்றால் பேனாவில் சுமார் 640 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளலாம், பேனாவுக்குப் பேனா கொஞ்சம் மாறும். நெல் மண் சாற்றின் உப்பு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் மகசூல் குறைய ஆரம்பிக்கும், பருத்தி 7.7 வரை தாங்கும். ஆனால் இவை வேர் மண்டலத்து மண்ணுக்கான எண்கள், குழாய்த் தண்ணீருக்கானவை அல்ல. குழாயில் உப்பு கூடிக்கொண்டே போனால் மண் மாதிரி எடுத்துப் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய, நடுவயல் குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னொன்றை நாலு மீட்டர் ஆழத்துக்கு நடலாம். இதில் அடியில் 30 செ.மீ மட்டும் கீறல், மற்றதெல்லாம் பெண்டோனைட் போட்டு அடைப்பு. ஆழக் குழாயில் தண்ணீர் மேலோட்டக் குழாயை விட உயரமாக நின்றால், கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வயலில் உப்பை ஒரு தடவை கழுவிவிட்டதோடு நிறுத்த முடியாது, வருஷா வருஷம் கழுவ வேண்டும்.

லாகர் வாங்கலாமா

லாகர் என்பது மட்டத்தைத் தானாகப் பதிகிற கருவி. காசு இருந்தால் தாராளமாக, ஆனால் ஒரு வருஷமாவது கையால் அளந்துவிட்டு வாங்குங்கள். குழாய்க்குள் தொங்குகிற சாதாரண லாகர் அளப்பது தண்ணீரின் அழுத்தத்தையும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் மட்டம் ஒரு செ.மீ இறங்கியதாகக் காட்டும். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா மாதிரி ஒரு புயல் வந்து அழுத்தம் 20, 30 மில்லிபார் விழுந்தால், வயல் நிரம்பிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில் உங்கள் லாகர் மட்டம் இறங்குவதாகச் சொல்லும். காற்றழுத்தத்தைத் தனியாகப் பதிகிற இன்னொரு லாகர் ஊருக்கு ஒன்று இருந்தால் போதும், அதைக் கழித்துக்கொள்ளலாம். லாகர் போட்ட பிறகும் மாதம் ஒருமுறை டேப்பால் அளந்து ஒத்துப் பாருங்கள், தொங்குகிற கம்பி நீண்டுவிட்டால் அதுவாக வந்து சொல்லாது.

கோடை உழவுக்கு முன்னால் குழாய்களை எடுக்க வேண்டியிருந்தால், தரைக்குக் கீழே ஒரு அடியில் கப்ளிங் வைத்து நட்டிருப்பது நல்லது. மேல் துண்டை மட்டும் கழற்றி, மூடி போட்டு, ஒரு இரும்பு ஆணியையோ பழைய லாடத்தையோ மேலே வைத்து மூடிவிடுங்கள். வரப்பிலிருந்து தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வைத்திருந்தால் ஆடியில் தோண்டி எடுக்கலாம். திரும்பப் பொருத்தியதும் விளிம்பின் உயரத்தை மறுபடி டியூப் வைத்துப் பாருங்கள், புது எண்ணை நோட்டின் முதல் பக்கத்திலேயே தேதியோடு எழுதிவிடுங்கள்.